மூன்று தரம் அழுத்தினால்

எலுமிச்சம்பழத்துக்குள் கரண்ட் இருக்கிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழத்துக்குள் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் செப்புக் கம்பியும் மறுபக்கம் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்தி மல்டிமீட்டரை வைத்தால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். அதே பழத்தில் ஒரு சின்ன டார்ச் பல்பை மாட்டிப் பாருங்கள். பல்பும் எரியாது, மீட்டரும் சட்டென்று இறங்கிவிடும். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாமே நன்றாகத்தான் காட்டும், வைதேகி மேடம். ஏதாவது ஒரு சுமையை ஏற்றி அளந்தால்தான் சங்கதி தெரியும்.

நீங்கள் வந்திருப்பது மணிப்பெட்டிக்காக. தெரியும். என் மனைவி ஜஹனாராவுக்குக் கையும் காலும் அசைத்துப் பயிற்சி கொடுக்க இத்தனை மாதம் அடையாறிலிருந்து இந்த ஆழ்வார்பேட்டைச் சந்துக்கு வந்துபோனீர்கள். அவள் தலைமாட்டில் இந்தப் பட்டனைப் பார்த்து, பேச முடியாத உங்கள் மற்ற நோயாளிகளுக்கும் இப்படி ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்று என் மகள் ஜுவேரியாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவளும் "அத்தா செஞ்சு தருவாங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். செய்து தருவது பெரிய வேலை இல்லை. ஆனால் இது எப்படி வேலை செய்தது என்பதை முதலில் கேளுங்கள். அதன் பிறகும் வேண்டும் என்றால் பார்க்கலாம்.

நான் எலக்ட்ரிக்கல் படித்தவன் இல்லை. தி.நகரில் ஒரு மரச்சாமான் கடையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பின்னறையும் இதிலுள்ள குப்பையும் என் பொழுதுபோக்கு. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனால் பொம்மைக் கடைக்குள் விட்ட பிள்ளை மாதிரி ஆகிவிடுவேன். என் விளையாட்டெல்லாம் ஒன்பது வோல்ட்டுக்குள்தான். வீட்டு பிளக்கில் வருகிற கரண்ட்டைத் தொட எனக்குப் பயம். "ஊரு பாட்டரிக்கெல்லாம் மருத்துவச்சி வேலை பாக்குறீங்க, எனக்கு ஒரு மிக்ஸியை ரிப்பேர் பண்ணித் தர துப்பு இல்லை" என்பாள் ஜஹனாரா. ஒன்பது வோல்ட்டில் யாரும் சாகமாட்டார்கள் என்று அவளிடம் நூறு தரமாவது சொல்லியிருப்பேன்.

நீங்கள் அவளைப் பேச்சு இல்லாமல்தான் பார்த்தீர்கள். அதற்கு முன்பு பார்த்திருக்க வேண்டும். மீன்காரரோடு, மாடிவீட்டு அம்மாவோடு, டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண்ணோடு, யாரும் இல்லாவிட்டால் கொதிக்கிற சோற்றோடு என்று பேசிக்கொண்டே இருப்பாள். நான் பின்னறையில் உட்கார்ந்து ஏதாவது ஒரு சர்க்யூட்டை அளந்துகொண்டிருப்பேன். முன்னறையிலிருந்து அவள் குரல் வந்துகொண்டிருக்கும். என்ன பேசுகிறாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் நின்றால் உடனே தெரியும். "என்ன ஜஹனா?" என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். அப்போதெல்லாம் எழுந்து போகிற வழக்கம் என்னிடம் இருந்தது.

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், பிரியாணிக்காக அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தவள் சமையலறையிலேயே சரிந்துவிட்டாள். பக்கவாதம். வலது பக்கம் முழுதும் போயிற்று, கூடவே பேச்சும். நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. அவளிடமிருந்து வந்தது "ஆ" என்ற ஒரே சத்தம்தான். இடது கையில் கொஞ்சம் பலம் இருந்தது, கட்டைவிரலில் கூடுதலாக. அந்த விரலுக்காகத்தான் இந்த மணியைச் செய்தேன்.

முதலில் செய்தது ரொம்ப எளிது. அவள் கைக்கு அடியில் பெரிய பட்டன். அங்கிருந்து ஒயர் சுவரோரமாக ஓடி என் மேஜைக்கு வரும். இங்கே ஒரு பஸ்ஸர், ஒன்பது வோல்ட் பாட்டரி. ஒரு தரம் அழுத்தினால் தண்ணீர், இரண்டு தரம் அழுத்தினால் பாத்ரூம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தபோது கண்ணை உருட்டினாள், இதுகூடத் தெரியாதா எனக்கு என்பதுபோல.

மூன்று தரம் என்பதை நான் ஏற்படுத்தவில்லை, மேடம். அது அவள் கண்டுபிடித்தது. ஒரு நாள் மத்தியானம் மூன்று தரம் அடித்தது. என்னவோ ஏதோ என்று ஓடினேன். வலிக்கிறதா என்றேன், தலையை ஆட்டி இல்லை என்றாள். ஃபேன் வைக்கட்டுமா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா, ஜுவேரியாவுக்குப் போன் போடட்டுமா? எதுவும் இல்லை. கடைசியில் இடது கையால் கட்டிலைத் தட்டினாள். உட்காரு என்கிறாள். உட்கார்ந்தேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். மூன்று தரம் அழுத்தினால் சும்மா வா என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் ஓடி ஓடிப் போனேன். தேவானை இருக்கும் நேரத்தில் மூன்று வராது. தேவானையை உங்களுக்குத் தெரியும், பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பார்த்துக்கொண்டவள். காலையில் வந்து குளிப்பாட்டி, மத்தியானம் ஊட்டிவிட்டு, இடையில் பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டு வேலையை முடித்துவிட்டு டீ நேரத்துக்குத் திரும்புவாள். அந்த இடைவெளியில்தான் மூன்று மூன்றாக வரும். போய் உட்கார்ந்தால் ஜஹனாரா என்னையே பார்ப்பாள். ஏதோ சொல்ல வருவாள். "ஆ… ஆ…" என்று வரும். கழுத்து நரம்பு புடைக்கும். எனக்கு ஒன்றும் புரியாது. புரிந்த மாதிரி தலையை ஆட்டுவேன். நான் ஏமாற்றுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்போது அவள் கண்ணில் நீர் வரும். அதை என்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவள் பேசாத அறையில் உட்காருவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நோயாளிக்குக் கஷ்டம் என்றால் கேட்கிறவர்களுக்குப் புரியும். பார்த்துக்கொள்கிறவனின் கஷ்டம் என்றால் முகம் மாறுகிறது.

அந்தச் சமயத்தில்தான் நான் சக்தித் திருடன் சர்க்யூட்டில் இறங்கியிருந்தேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு சின்ன வளையத்தில் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள். செத்துவிட்டது என்று நாம் தூக்கிப் போடுகிற பென்சில் பாட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இந்தச் சர்க்யூட் அதை உறிஞ்சி ஒரு எல்.இ.டி.யை நாள்கணக்கில் எரிய வைக்கும். வருஷக்கணக்காக இந்த ஃபிளாட்டில் ரிமோட்டிலும் கடிகாரத்திலும் தீர்ந்த பாட்டரிகளை எல்லோரும் எனக்குத்தான் கொண்டுவந்து தருவார்கள். செத்ததிலும் கடைசிச் சொட்டு வரை உயிர் இருக்கிறது என்று காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை.

நான் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்றுதான். அந்த விளக்கு அணைகிற கணத்தில் பாட்டரியில் எத்தனை வோல்ட் மிச்சம் இருக்கும்? அதற்கு, அணையும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். செல்போனில் வீடியோ எடுத்து வைக்கலாமே என்பீர்கள். ஜுவேரியாவும் அதைத்தான் சொன்னாள். கண்ணால் பார்ப்பது வேறு. விளக்கு மங்கி மங்கி, இருக்கிறதா இல்லையா என்ற நிலைக்கு வந்து, அப்புறம் இல்லை. அதை நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். இரண்டு முறை நெருங்கி வந்தேன். இரண்டு முறையும் மணி மூன்று தரம் அடித்தது. போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் விளக்கு அணைந்திருந்தது.

கோபப்படவில்லை, மேடம். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. சர்க்யூட்டை மாற்றினேன், அவ்வளவுதான்.

மாற்றம் சின்னது. நடுவே எண்ணும் சிப் ஒன்றைப் போட்டேன். எத்தனை தரம் அழுத்தினாள் என்று அது இரண்டு மூச்சு நேரம் பொறுத்துப் பார்க்கும். ஒன்று என்றால் மணி ஒரு தரம் அடிக்கும். இரண்டு என்றால் இரண்டு தரம். மூன்று என்றால் மணி அடிக்காது. அதற்குப் பதிலாக மேஜையில் ஒரு முள் மீட்டரை மாட்டி வைத்தேன், இதோ, இதுதான். அவள் அழுத்தும்போதெல்லாம் இந்த முள் குதிக்கும். முள் மூன்று தரம் குதித்தால் அவள் கூப்பிட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கைவேலை முடிந்ததும் போவேன். அவள் அழைப்பை நான் தடுக்கவில்லை, கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

மணிச் சத்தம் கேட்காவிட்டால் அவள் மனம் புண்படுமே என்று பட்டனின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கும் வைத்துக்கொடுத்தேன். அழுத்தினால் எரியும். "பச்சை எரிஞ்சா எனக்குக் கேட்டுடுச்சுனு அர்த்தம், ஜஹனா. திரும்பத் திரும்ப அழுத்தாதே, விரல் நோகும்" என்று சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை. பச்சை எரிந்தபோதெல்லாம் இங்கே முள்ளும் குதித்தது. அவள் அந்தப் பச்சையைப் பார்த்துச் சிரித்தாள், வாயின் இடது பக்கத்தால் மட்டும். எவ்வளவு அக்கறை என் மேல் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

சில நாளில் அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. மூன்று அழுத்தினால் பச்சை எரிகிறது, ஆள் வர நேரமாகிறது. ஒன்று அழுத்தினால் உடனே வருகிறார். ஒரு நாள் மணி ஒரு தரம் அடித்தது. தம்ளரோடு போனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். தண்ணீர் வேண்டியதில்லை, சட்டைக் கையைத்தான் பிடித்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாவது முறை நான் தம்ளரை வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னேன். "தாகம் இல்லாம தண்ணி கேக்காதே, ஜஹனா. இப்படிப் பொய்யா கூப்பிட்டா, நெசமா தாகம் எடுக்குற அன்னிக்கு நான் வராமப் போயிடுவேன்." குரலை உயர்த்தவே இல்லை. அவள் என் சட்டைக் கையை விட்டுவிட்டாள். அதன் பிறகு தாகம் இல்லாமல் ஒரு தரம் அழுத்தியதே இல்லை. நியாயமான மனுஷி. தப்பு என்று சொன்னால் திருத்திக்கொள்வாள்.

இனி அந்த நாள்.

அன்று மேஜையில் எரிந்துகொண்டிருந்தது அவள் அறைக் கடிகாரத்தில் தீர்ந்துபோன பாட்டரி. நாலைந்து நாளாக எரிந்தது. காலையிலிருந்தே விளக்கு மங்க ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் ஜஹனாராவுக்குக் கஞ்சி ஊட்டி முடித்த தேவானை தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சார், பொண்ணு ஸ்கூல்ல மீட்டிங்குனு வரச் சொல்லிக்கீறாங்க. சாயங்காலமா போய்க்கலாம்னு பாத்தேன். அம்மா இன்னிக்கு சரியாவே துன்னல சார். மூஞ்சி ஒரு மாதிரியா கீது."

"நீ இப்பவே கிளம்பு. நாளைக்கு வந்தாப் போதும். நான் இருக்கேன்ல."

"நெசமா சார்? நீங்க பாத்துப்பீங்களா?"

"பாத்துக்கிறேன், போ."

அவளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். வீடு அமைதியாக இருக்கும், விளக்கு அணைவதைப் பார்க்கலாம். ஜஹனாராவின் அறையை எட்டிப் பார்த்தேன். கண் மூடியிருந்தாள். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முள் குதித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சும்மா வா. "இதோ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். விளக்கு அப்போது ஊசிமுனை அளவு ஒளியாக இருந்தது. மீட்டரில் அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. திரும்பவும் முள் மூன்று தரம் குதித்தது. பச்சை எரிந்தால் போதும், திரும்ப அழுத்தாதே என்று சொல்லியிருந்தேனே, ஏன் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் மூன்று. விரல் எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு பதறிக்கொண்டு பட்டது என்பதெல்லாம் முள்ளுக்குத் தெரியாது. பட்டன் மூடினால் குதிக்கும். எப்போதும் குதிக்கிற அதே உயரம்தான்.

எத்தனை முறை மூன்று வந்தது என்று கேட்காதீர்கள். நான் எண்ணவில்லை. எதையும் எண்ணாமல் விடாதவன், அன்று எண்ணவில்லை. எண்ணினால் எழுந்து போக வேண்டியிருந்திருக்கும்.

அவளிடம் இருந்தவை மூன்றே சொற்கள், மேடம். தண்ணீர், பாத்ரூம், சும்மா வா. நெஞ்சு அடைக்கிறது, சாகிறேன் என்பதற்கு நாங்கள் ஒன்றும் வைத்திருக்கவில்லை. அந்த மூன்றில் எது பொருந்தும் என்று பார்த்து அவள் சரியானதைத்தான் அழுத்தியிருக்கிறாள்.

விளக்கு அணைந்தது. நான் நினைத்ததைவிடக் குறைவான வோல்ட்டில் அணைந்தது. அந்தப் பாட்டரியில் அவ்வளவு உயிர் இருந்திருக்கிறது. எனக்கு நெஞ்செல்லாம் பொங்கிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. கேலி செய்வாள், ஆனால் முழுதும் கேட்பாள். எழுந்து அவள் அறைக்குப் போனேன்.

தலை கதவுப் பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. கட்டைவிரல் பட்டன் மேல் அப்படியே அழுந்தியிருந்தது. பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"ஜஹனா" என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு அந்த விரலை மெதுவாகப் பட்டனிலிருந்து எடுத்தேன்.

என் சிப் விரல் அழுத்தும்போது எண்ணுவதில்லை. விரலை எடுக்கும்போதுதான் எண்ணும். அப்படித்தான் நான் அமைத்திருந்தேன். எடுக்காத விரல் அதன் கணக்கில் வராது. நான் விரலை எடுத்ததும் இரண்டு மூச்சு நேரம் பொறுத்துப் பார்த்தது. அப்புறம் பின்னறையில் மணி அடித்தது. ஒரு தரம்.

தண்ணீர்.

அலமாரியில் ஸம்ஸம் தண்ணீர்க் குப்பி இருந்தது. அவள் தங்கை ஹஜ்ஜுக்குப் போனபோது கொண்டுவந்து கொடுத்தது. உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் விடுவதற்காக ஜஹனாராவே துணி சுற்றிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள், எனக்கும் அவளுக்குமாக. எனக்குத்தான் முதலில் தேவைப்படும் என்று சொல்லிச் சிரிப்பாள். அதை எடுத்து வந்து ஒரு ஸ்பூன் விட்டேன். கடைவாய் வழியாக வெளியே வந்துவிட்டது. துடைத்துவிட்டு இன்னொரு ஸ்பூன் விட்டேன். அதுவும் வந்துவிட்டது. குப்பி காலியாகும்வரை விட்டுக்கொண்டே இருந்தேன். தலையணை முழுதும் நனைந்துபோயிற்று. நான் அழுதேனா என்று ஜுவேரியா கேட்டாள். நனைந்திருந்ததைப் பார்த்துக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

டாக்டர் வந்தார். இருதயம் என்று எழுதினார். எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று கேட்டார். தெரியாது, தூங்குகிறாள் என்று நினைத்தேன் என்றேன். முன்னறையில் பெண்கள் உட்கார்ந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் இங்கே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிப்பைக் கழற்றினேன். இரண்டு ஒயரையும் நேராகச் சேர்த்து ஈயம் வைத்தேன். நல்ல ஜாயின்ட், வேண்டுமானால் பாருங்கள். மணி இப்போது எத்தனை தரம் அழுத்தினாலும் அடிக்கும். நீங்கள் கையில் வைத்திருப்பது அந்தப் பெட்டிதான். அவளிடம் இருந்த பெட்டி அது இல்லை. சிப் இந்த டப்பாவில் இருக்கிறது.

ஜுவேரியா தரமணி ஆபீஸிலிருந்து அப்படியே ஓடி வந்தாள். அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து பட்டனை அழுத்திப் பார்த்தாள். மணி அடித்தது. "எவ்வளவு நல்லா அடிக்குது, அத்தா. இது பக்கத்துல இருந்தும் அம்மா கூப்பிடலைன்னா, அவங்களுக்கே தெரியாம தூக்கத்துல போயிட்டாங்க, இல்லையா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு ஆமாமைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இன்றுவரை நடமாடுகிறாள். மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். குளிப்பாட்டிய பெண்கள், இடது கட்டைவிரல் மட்டும் நீட்டவே வரவில்லை, மடங்கியே இருந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

அடக்கத்தன்று காலையில் தேவானை ஒன்றும் தெரியாமல் வந்தாள். வாசலில் செருப்புகளைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் பஸ்ல கதை பேசிக்கினு போனேனே சார். மூஞ்சி ஒரு மாதிரியா கீதுனு சொல்லிக்கினே போனேனே. அம்மா மணி அடிக்கலியா சார்? ஒரு தபா கூடவா அடிக்கல?"

"அடிக்கலைம்மா" என்றேன்.

ஜுவேரியா அவளைப் பார்த்துக் கத்தினாள். "யாரைக் கேட்டுப் பாதியில போனீங்க?" என்றாள். தேவானை என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சார்தான் போகச் சொன்னார் என்று சொல்லவில்லை, மேடம். மனைவியை இழந்து நிற்கிறவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. நோயாளியை விட்டுவிட்டுப் போகிறவள் என்று பெயர் வந்து பக்கத்துத் தெரு வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். நீங்கள்கூடப் போன வாரம் அவளை எங்காவது சேர்த்துவிடலாமா, நம்பலாமா என்று என்னிடம் கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன். நம்பலாம். என்னைத்தான் நம்பக் கூடாது.

ஜுவேரியா ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவளிடமும் இதையே சொல்லப்போகிறேன். அவளுக்கு முன்னால் ஒருவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. சும்மா இருக்கும்போது என் மனசை நானே அளந்து பார்த்தால் நன்றாகத்தான் காட்டுகிறது. நான் அவளைக் கைவிடவில்லை, வேலை முடிந்ததும் போனேன், அவளிடம் சந்தோஷமான ஒரு விஷயத்தைச் சொல்லத்தானே போனேன் என்று காட்டுகிறது. அழாதீர்கள், மேடம். இன்னும் முடியவில்லை. இரண்டு சங்கதியை விட்டுவிட்டேன்.

விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. ஒரு தரம். சிப் ஒழுங்காக வேலை செய்து, சத்தமாகத்தான் அடித்தது. மூன்று அழுத்தப் போய் முதல் அழுத்தத்தோடு விரல் ஓய்ந்திருக்கலாம். இல்லை, தண்ணீர்தான் கேட்டிருக்கலாம். எந்தத் தண்ணீரைக் கேட்டாள் என்பது இப்போது தெரிகிறது. அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பொய்யாகக் கூப்பிடக் கூடாது என்று அத்தனை சொல்லியும் பழைய வேலையை ஆரம்பித்துவிட்டாளே என்று நினைத்தேன். தாகம் இல்லாமல் அவள் அழுத்துவதை விட்டுப் பல நாளாகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு முள் குதிக்கவில்லை. மேலே ஏறி அப்படியே நின்றுவிட்டது. விளக்கு அணைந்த பிறகுதான் அதை நிமிர்ந்து பார்த்தேன். பட்டன் ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவளிடம் சொல்லத்தான் எழுந்தேன் என்று சற்று முன்பு உங்களிடம் சொன்னேனே, ஜுவேரியாவிடமும் சொல்லியிருக்கிறேனே, அது அப்படி இல்லை. அன்று காலையில்தான் மணிக்குப் புது பாட்டரி போட்டிருந்தேன். அது வீணாகிறதே என்றுதான் எழுந்தேன்.